மாமா மாற்றிச் சொல்லாத நூறு

“…கடையில துணி கிழிக்கிறப்ப மட்டும் மீட்டரு பெருசு, எம் புள்ள ஓடுறப்ப சிறுசாப் பூடுமா, சின்ன மொதலாளி?”

மேசையில் இருந்த மைக் அதைப் பிடித்துக்கொண்டது. செஞ்சிப் பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கேட்டது. கேட்டவள் சிங்கவரத்துக்காரி, அந்த மைதானத்தில் புல் அறுத்து விற்பவள். கேட்கப்பட்டவர் என் தாய்மாமா. எனக்கு அப்போது ஏழு வயது.

எங்கள் ஜவுளிக்கடையில் கஜக்கோலை உள்ளே போட்டுவிட்டு மீட்டர் கோலை எடுத்த புதிது. விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் மாமா கோலை நீட்டி, “கஜத்தைவிட நாலு வெரக்கடை கூட இருக்குதும்மா, கண்ணால பாரு” என்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக் கேட்டே வர்ணனை பழகியவர். பள்ளி விளையாட்டு விழாவில் மைக் அவர் கையில்தான்.

அன்று காலையிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு கணக்கிலும் சொன்னார். “குண்டு எறிதல், ஒன்பது மீட்டர்! நம்ம கணக்குல இருபத்தொன்பதடி ஆறு அங்குலம்!” புது அளவு புரியாத கிழவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

நூறு மீட்டர் ஓட்டத்தில் அந்தப் புல்காரியின் மகன் முதலாவதாக வந்தான். வெறுங்கால். பதினொன்று புள்ளி இரண்டு விநாடி. பள்ளிச் சுவரில் தொங்கிய பலகையில், “நூறு – பத்து புள்ளி எட்டு” என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. அது மாமாவின் பெயர். நூறு கஜமா, நூறு மீட்டரா என்று பலகையில் இல்லை. அதை முறியடிப்பவனைப் பள்ளிச் செலவில் கடலூர் ஜில்லாப் போட்டிக்கு அனுப்புவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அந்த அண்ணனுக்குப் பள்ளியில் அதுதான் கடைசி வருஷம்.

மாமா நேரத்தைப் படித்தார். பலகையை ஒரு தரம் பார்த்தார். “பழைய சாதனை அப்படியே நிக்குது!” என்றார். இந்த ஒன்றை மட்டும் அவர் கஜத்தில் மாற்றிச் சொல்லவில்லை.

கைதட்டல் அடங்கும் முன்பே அவள் மேசைக்கு வந்துவிட்டாள்.

“நீ ஓடுனது அதோ, அந்தக் கல்லு வரைக்கும். சுத்திப் புல்லு அறுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?”

“அது எல்லைக் கல்லும்மா” என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியரிடம் திரும்பி, “நான் ஓடுனதும் மீட்டர்தான் சார்” என்றார் மாமா. தலைமையாசிரியர் அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர்.

கூட்டத்தில் யாரோ அவளைக் காட்டி, “கேவுருல நெய் வடியுதாம், கேட்டுக்கோ!” என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். முந்தின நாள் சாயங்காலம் மாமா மைதானத்தை அளந்தபோது டேப்பின் முனையைப் பிடித்தது நான்தான். “மாமா சொல்றது சரியா பாப்பா?”

அளந்துகொண்டே வந்த மாமா அந்தக் கல்லின் மேல் கால் வைத்து, “உன் மாமன் ஜெயிச்ச எடம் இது” என்று காட்டியிருந்தார். அதையும் தாண்டிப் போய்த்தான் புது முடிவுக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டோம். மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

“சரி சார்” என்றேன்.

“அப்புறம் இன்னாம்மா? போ, போ” என்றார் தலைமையாசிரியர். கடலூர் அதோடு முடிந்தது. அந்த அண்ணன் தலையைக் குனிந்தபடி, “வாம்மா, போலாம்” என்றான்.

அவள் போகவில்லை. என்னிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ என் கையைப் பிடித்து, அந்தக் கல்லிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

“எனக்கு எண்ணத் தெரியாது கண்ணு. இங்கேருந்து அந்தக் கோடு வரைக்கும் நட. நீ எண்ணு.”

எண்ணுவதில் எனக்குப் பெருமை உண்டு. சொன்ன பொய் அடுத்த நிமிஷமே மறந்துபோயிற்று. ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் என்னோடு அடி வைத்து வந்தாள். பத்தைத் தாண்டும்போது கூட்டத்தில் சிரிப்பு நின்றிருந்தது. எல்லோரும் என் எண்ணிக்கையைத்தான் மெச்சிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, குரலை இன்னும் உயர்த்தினேன்.

“பதினேழு!”

முடிவுக் கோட்டின் மேல் மிதித்து நின்று, சபாஷ் வாங்க மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து, என் காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு மகனை முன்னே நடக்கவிட்டு, சிங்கவரம் சாலையில் இறங்கிப் போனாள்.