செரிப்பழச் சிவப்பு

இரும்பை எந்த நிறம் வரும்வரை சுட வேண்டும் என்பதை, கேக்கின் தலையில் குந்தியிருக்கும் செரிப்பழத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்குச் செரிப்பழம் வேறெங்கே அகப்படும்?

புத்தகம் அப்படித்தான் சொன்னது. கண்டியில் ஒரு பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது; வீட்டிலேயே இரும்பு வேலை பழகுவது எப்படி என்று குளிர்தேசத்துக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியது. ஒரு தேயிலைத் தொழிற்சாலை கழித்துப்போட்ட குட்டிக் கடைசல் மெஷினும் என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. பகலெல்லாம் கந்தோரில் பேனா பிடித்தவனுக்கு, பின்னேரமானால் தான் ஒரு என்ஜினியர் என்ற நினைப்பு வந்துவிடும்.

அந்த நினைப்பில்தான் மனைவியின் தையல் மெஷினைக் கழற்றித் துடைத்தேன். திரும்பப் பூட்டும்போது, துணியை நகர்த்துகிற பல்லைத் தாங்கும் சின்ன ஆணி முறிந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராத வருடங்கள் அவை. கண்டி முழுக்க அலைந்தும் அப்படியோர் ஆணி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ராத்தாவின் மகளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். மணப்பெண்ணின் பட்டுச் சட்டை பாதி தைத்தபடி எங்கள் அலுமாரியில் தொங்கியது. அன்று புதன்.

“நானே செஞ்சு தர்றேன்” என்றேன்.

“முறிச்சதும் நீங்கதானே. வேற யாரைப் போய் நம்புறது?” என்றாள் மனைவி.

புத்தகம், சுட்டால் கடினமாகும் ‘வெள்ளி உருக்கு’ என்றொரு கம்பியைக் கேட்டது. இரும்புக்கடை நானா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வெள்ளியென்டா நகைக்கடைக்குப் போங்க. இரும்பென்டா இங்க வாங்க. ரெண்டும் சேந்த சாமான் எங்கட வாப்பா காலத்துலயும் இல்ல.” பிறகு மனமிரங்கி ஒரு கம்பித் துண்டை நீட்டினார். அது மினுங்கியது. எனக்கு அது போதும்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ஆணியைக் கடைந்தேன். அளவு சரியாகவே வந்தது. இனி அதைக் கடினமாக்க வேண்டும். இருட்டில்தான் நிறம் தெரியும் என்று புத்தகம் சொன்னதால் நடுப்பகலில் குசினி ஜன்னல்களைச் சாத்தினேன். சிரட்டைக்கரியை ஊதினேன். பேக்கரிக் கண்ணாடிக்குள் பார்த்து வைத்த அந்தச் சிவப்பு வந்ததும், ஆணியைத் தேங்காயெண்ணெயில் போட்டேன். சீறி அடங்கியது.

இந்த நிலையில் உருக்கு கண்ணாடியைப் போன்றது, தட்டினால் தெறிக்கும், மறுபடி மெல்லச் சூடாக்கி வைக்கோல் நிறம் வந்ததும் எடுக்க வேண்டும் என்று புத்தகம் பயமுறுத்தியது. எந்த வைக்கோல்? எனக்குத் தெரிந்த வைக்கோல் மழையில் ஊறிக் கறுத்த வைக்கோல். ஆணியை மறுபடி தணலில் வைத்து, கறுக்கட்டும் என்று காத்திருக்கையில் வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம். எந்த நிறமும் வருமுன்பே எடுத்துவிட்டேன்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

இந்த ஒரு பொய்க்காக நான் பட்ட பாடு! அவள் ஆணியைப் பூட்டி, சட்டையை விரித்து, மிதிக்கத் தொடங்கினாள். ராத்தாவும் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆணி தெறித்தால் பட்டு கிழியும். துண்டு மேலே பறந்தால் அவள் கண்?  என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன்.

“இதைப் போட்டுக்க.”

“என் கண்ணுக்கு என்ன கோளாறு?”

போடவில்லை. நான் அரிசி புடைக்கிற சுளகை எடுத்துக்கொண்டு மெஷினுக்குக் கீழே நுழைந்தேன். அவள் முழங்காலையாவது காப்பாற்றலாம் என்ற வீரம்.

“தங்கச்சி, இவருக்கு என்ன? எலி பிடிக்கிறாரா?” என்றார் ராத்தா.

“கேட்காதீங்க ராத்தா. ரெண்டு நாளா இப்படித்தான்.”

மெஷின் என் தலைக்கு மேல் கடகடவென்று ஓடியது. ஒவ்வொரு தையலையும் எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்கள் மறந்துபோயின. திடீரென்று ‘டக்’.

“நிறுத்து!” என்று கத்தி எழுந்ததில் பலகையில் மண்டை மோதியது. சுளகு பறந்துபோய் ராத்தாவின் மடியில் விழுந்தது. டக்கென்று அறுந்தது நூல்தான்.

மனைவி குனிந்து என்னைப் பார்த்தாள்.

“என்னத்த மறைக்கிறீங்க?”

செரிப்பழம், வைக்கோல், எண்ணெய் எல்லாவற்றையும் மண்டையைத் தடவியபடியே சொல்லிவிட்டேன். ராத்தா சிரிக்கவில்லை. இன்னும் ஒரு கை வைக்காத சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம் தங்கச்சி. கண்ணவிடச் சட்டையா பெரிசு? புள்ள பழசொன்ட உடுத்துக்கொள்ளுவா.”

  மனைவி என் பக்கம் கையை நீட்டினாள்.

“அந்தக் கண்ணாடியைக் குடுங்க.”

போட்டுக்கொண்டு நூலைக் கோத்தாள். என் கண்ணாடியில் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. விரலால் தடவித் தடவியே தைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு கையும் வைத்த சட்டையை ராத்தா வாங்கிக்கொண்டு போனார். அதுவரை நான் கீழேதான் இருந்தேன்.

சனிக்கிழமை ஆணியைக் கழற்றினேன். கடினப்பட்ட உருக்கில் அரம் வழுக்கும் என்று அடுத்த அத்தியாயத்தில் இருந்தது. அப்போதுதான் அதைப் படித்தேன். அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். தூள் கொட்டியது. நானா தந்தது ஜன்னலுக்குப் போடுகிற சாதாரண இரும்புக் கம்பி. எந்தச் சிவப்புக்குச் சுட்டாலும் அது கடினமாகாது, தெறிக்கவும் தெறிக்காது. அதையே திரும்பப் பூட்டினேன். அவள் ஏழு வருடம் அதில்தான் தைத்தாள்.