துண்டைக் காட்டினால்தான் பிளேடு

சாயர்புரத்திலிருந்து பஸ் பிடித்து, வேகாத வெயிலில் தூத்துக்குடிக்குப் போய் நின்றவனிடம் "துண்டு எங்க?" என்று கேட்ட அந்தக் கடைக்காரரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளில், படகுப் பட்டறையில் கழித்துப் போட்ட, வளைய ரம்பம் ஓடும் பேண்ட்சா மிஷின் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். அலுமினியம் அறுக்க அதற்கு ஒரு பிளேடு வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பிளேடுகள் வளையம் வளையமாகத் தொங்கின.

"தகடா, கட்டியான்னு பாக்காம எப்படிக் குடுக்க? அறுக்கப்போற துண்டக் கொண்டாங்க அண்ணாச்சி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மறுபடி பஸ். அலுமினியத் துண்டை அவர் மேசையில் ஓங்கி வைத்தேன். அதன் ஓரத்துத் தடிமன் மேல் ஒவ்வொரு பிளேடாக வைத்து, நகத்தால் பிளேடின் பல்லை எண்ணினார். மூன்று பல்லாவது அதில் உட்கார வேண்டுமாம். ரொம்ப நெருக்கமாக இருந்தாலும் பல்லிடுக்கில் தூள் அப்பிக்கொள்ளுமாம். எல்லாம் எண்ணி முடித்து, "இதுக்கு ஏத்தது நம்மகிட்ட இல்ல. எதுத்த கடைல கேளுங்க" என்றார்.

"இத நேத்தே சொல்லப்பிடாதா வே?" என்று கத்தினேன்.

"நேத்து துண்டப் பாக்கலயே, அண்ணாச்சி."

எதிர்க் கடையில் வாங்கிய பிளேடு அலுமினியத்தைச் சிக்காமல் திணறாமல் அறுத்தது. என் இரண்டு நாளைப் பாழாக்கியவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அத்தனை பிளேடு தொங்கியும் ஒன்றைக்கூட என் தலையில் கட்டவில்லையே அந்த மனிதர்! திட்டுவதற்குக்கூட வழி வைக்காமல் போய்விட்டார்.