என் காதில் அடித்த மணி

லாரி ஓட்டிக்கொண்டிருந்த நான், விபத்தில் ஒரு கால் போனபின் திண்டிவனத்தில் வீட்டோடு கிடக்கிறேன். "சும்மாவா இருக்கே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்று, வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தாலே போனைக் காதில் வைத்து, "மல்லாட்டை லோடு நாளைக்கு வந்துடணும்" என்று வேர்க்கடலை வியாபாரிபோல முழங்குவேன். மறுமுனையில் யாருமே இருக்கமாட்டார்கள்.

அன்று எதிர்வீட்டு அண்ணன் வந்து நின்றார். நான் மும்முரமாக வியாபாரம் பேச, காதிலேயே போன் மணி அடித்துத் தொலைத்தது! எடுத்தால், ராங் நம்பர்.

"இன்னா தம்பி, லோடு கவுந்துடுச்சா?" என்று சிரித்தவர், "உங்கூட பேசலாம்னு டெய்லி வர்றேன். நீ பிசியா இருக்கேன்னு திரும்பிப் போய்க்கினு இருந்தேன்" என்றார்.

இப்போது யார் கேட்டாலும், "சும்மாதான் இருக்கேன், உட்காருங்க" என்கிறேன். பலர் நிற்பதில்லை. அண்ணன் உட்காருகிறார்.