மூன்றாவது புட்டி

காரைக்காலில் ஒரு வேளாண் ஆய்வகத்தில் ஆக்சிலியாவுக்குப் பழ ஈக்களை எண்ணும் வேலை. பூச்சி மருந்து தடவிய கண்ணாடிப் புட்டிக்குள் இருபது ஈக்களை விடுவாள்; மறுநாள் எத்தனை செத்தன என்று பார்ப்பாள். மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவை வெளியே சொல்லலாம். பதினோரு வருடத்தில் அவள் அதை மீறியதே இல்லை.

வரிச்சிக்குடியில் அவள் அண்ணன் கிளாட்வின் கொய்யா போட்டிருந்தார். அவர் தோட்டத்துச் சொத்தைப் பழங்களில் வந்த ஈக்கள் இரண்டு புட்டியிலும் சாகவில்லை.

"மருந்து கேக்குதா, பாப்பா?" என்று போனில் கேட்டார்.

"இன்னும் ஒரு தடவை பாக்கணும்ண்ணே. அதுக்கு முன்னாடி சொல்லக் கூடாது."

அவர் காத்திருக்கவில்லை. மருந்தை இரண்டு மடங்காகக் கலந்து, முகத்தில் துணிகூடக் கட்டாமல் அடித்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த வாரமே ஆக்சிலியா மூன்றாவது புட்டியில் இருபது ஈக்களை விட்டு, மறுநாள் எடுத்துப் பார்த்தாள். உள்ளே பதினெட்டு ஈக்கள் பறந்துகொண்டிருந்தன. என்ன பெரிய விதி! இந்த மருந்து கேட்காது, அடிக்க வேண்டாம் என்று கூடப் பிறந்தவனிடம் சொல்ல மூன்று புட்டி வேண்டுமா?

படிவத்தை நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில், 'தோட்டக்காரருக்குத் தெரிவித்த தேதி' என்றிருந்தது. பேனாவை அங்கே வைத்தவள் சாயங்காலம் வரை எடுக்கவில்லை.