கிரேக்கச் சாடியின் முன்

ரொறன்ரோ அருங்காட்சியகத்தில், ஓட்டக்காரர்களை வரைந்த பழைய கிரேக்கச் சாடியின் முன் நிற்கிறேன். காவலாளி யாழ்ப்பாணத்தவர், ஐம்பது வயதிருக்கும்; அருகே வந்து கேட்கிறார்.

“உவங்கள் என்னத்துக்கு ஓடுறாங்கள், அண்ணை?”

“செத்தவருக்கு மரியாதையா. கிரேக்கரின்ர போட்டியள் தொடங்கினதே செத்தவீட்டிலதான் எண்டு சொல்லுவினம்.”

“எங்கட செத்தவீட்டில பார்க்கிங்குக்குத்தான் போட்டி,” என்று சிரிக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு சாதியில் மணந்தான் என்பதற்காகத் தம்பியோடு முப்பது வருடம் நான் பேசவில்லை. இன்று இந்த நகரின் ஸ்காபரோ பகுதியில் அவனுக்கு ஈமக்கிரியை. அதற்கென்றே விமானம் ஏறி வந்த நான், அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து இங்கே ஒளிந்திருக்கிறேன். காவலாளியிடம் இதை அப்படியே சொல்கிறேன்.

“எத்தினை மணிக்கு எடுக்கினம்?”

“ஒரு மணிக்கு.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “பன்னிரண்டாகுது. இஞ்ச நிண்டு என்னத்தைப் பாக்கிறியள்? ஓடுங்கோ, அண்ணை.”