சித்தி கலக்க விடாத ரோஸ் மில்க்

சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்று துடியலூர் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, மாமா, சித்தி, காலையிலிருந்தே டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்த நான். வந்தவர்கள் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும். டம்ளர் பத்தாமல் போய்விடுமோ என்பது என் முதல் கவலை.

அடுத்த கவலை, மாமா காந்திபுரத்தில் வாங்கி வந்த ரோஜா எண்ணெய். சுண்டுவிரல் அளவு பாட்டில். தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு கலந்து பூசினால் முகம் மினுங்குமாம். மணிக்கட்டில் தொட்டு மோந்தால் படபடப்பு அடங்குமாம். தை மாதக் குளிரில் அது உறைந்து கிடந்தது.

"இதென்னடா மெழுகாட்ட இருக்குது? நல்லா ஏமாந்துபோட்டு வந்திருக்கறே" என்றாள் அம்மா.

"ஏனக்கா, தேங்காயெண்ணெய் உறையறதில்லியா? உறைஞ்சாத்தான் அசலு!"

கோபத்தில் பாட்டிலை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மாமா வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

சித்தி அப்போதுதான் ஒரு பம்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் சமையலறையில் நிற்க, கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா சொல்வது கேட்டது: "பொண்ணு இனி வேலைக்கெல்லாம் போக வேண்டாமுங்க."

"சொன்னாக் கேட்டுக்குவாளுங்க" என்றார் அப்பா.

சித்தி பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள். பாவம், அவளுக்கும் படபடப்பு என்று நினைத்தேன். கைச்சூட்டில் எண்ணெய் இளகியது. வந்தவர்களுக்காக ரோஸ் மில்க் கலந்து வைத்திருந்த போசியைக் காட்டி, "ஊத்து கண்ணு, மணமா இருக்கட்டும்" என்று என்னிடம் நீட்டினாள்.

"மாமா ஒரு சொட்டுத்தான்னாருங்க சித்தி."

"ஊத்து சாமி."

அவசரமாகச் சாய்த்ததில் பாதிப் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. பதறிப்போய்க் கரண்டியை எடுத்தேன். "கலக்காதே" என்று தடுத்து, மேலாக மொண்டு ஒரு டம்ளரை நிரப்பினாள். எண்ணெய் பாலோடு சேராமல் மேலே மிதக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்களோ என்னவோ, நான்தான் எட்டாவதோடு நின்றுவிட்டேனே.

அந்த முதல் டம்ளர் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, சித்தி கையாலேயே. ஒரே மடக்கு. சம்பந்தி வீட்டில் துப்பவும் முடியாமல் கண் பிதுங்கியது.

"என்னுங்கம்மிணி, சோப்பைக் கரைச்சுக் குடுத்தீங்களா?" என்றவர், தொடர்ந்து ரோஜாப்பூவாக ஏப்பம் விட்டார். மற்றவர்கள் டம்ளரைத் தொடவே இல்லை. கார் கிளம்பும்போது அவர் வீட்டுக்காரர் கெஞ்சியது தெரு வரைக்கும் கேட்டது: "ஏம்புள்ள, கொஞ்ச நேரம் வாயத் தொறக்காத வா. தல வலிக்குது."

சம்பந்தம் வேண்டாமென்று மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா மாமாவைத் திட்டினாள். ஊற்றியது நானாயிற்றே என்று நான் அழுது தீர்த்தேன். சித்தி மட்டும், வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், மீதி எண்ணெயில் ஒரு சொட்டை என் மணிக்கட்டில் தேய்த்து, "மோந்து பாரு கண்ணு, எல்லாஞ் செரியாப் போயிரும்" என்று முத்தம் கொடுத்தாள்.

கல்யாணத்தையே கெடுத்தவளை இவள் எதற்கு இப்படிக் கொஞ்சுகிறாள் என்று, அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.