கழுத்தோரம் ஒரு முடிச்சு

மைசூரில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. சீட்டு எழுதுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சொட்டு மருந்து விட்டவர்களைக் கண்ணை மூடி உட்கார வைப்பது. எதிரில் நிற்பது தூணா ஆளா என்று தெரியாமல் வருகிறவர்கள்கூட என் கழுத்தை மட்டும் சரியாகப் பார்த்துவிடுவார்கள். முதலில் முகம், பிறகு நெற்றி, பிறகு கழுத்து. தாலி இல்லை என்று தெரிந்ததும் குரல் ஒரு படி இறங்கும். “பரவாயில்லம்மா, மெதுவா எழுதுங்க” என்பார்கள். நான் வேகமாகத்தான் எழுதிக்கொண்டிருப்பேன். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. துக்கத்தைத் தாங்கிக்கொள்ளப் பழகியிருந்தேன், இந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

நான் கட்டிக்கொள்ள ஆரம்பித்த ஸ்கார்ஃப் என் மகளுடையது. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது அலமாரியில் விட்டுப்போன துணிகளில் ஒன்று. சதுரப் பட்டு, வெளிர் மஞ்சள், ஓரம் மட்டும் அரக்கு நிறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மடித்து வைக்கப்போனவள், சும்மா தலையில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கார் ஓட்டிக்கொண்டு வரும் பணக்கார வீட்டுப் பெண்ணின் அம்மா மாதிரி இருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் தனியாகச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது. போனில் விண்டேஜ் ஸ்டைல் என்று தேடினால் வீடியோ வீடியோவாக வந்து விழுந்தது. கட்டுகளுக்கு நானே பெயர் வைத்தேன். முக்கோணமாக மடித்துத் தலையில் போட்டு, முனைகளைத் தாடைக்குக் கீழே குறுக்காக விட்டுப் பிடரியில் முடிவது கார் கட்டு. பட்டையாக மடித்துக் கூந்தலுக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிந்தால், இரண்டு முனையும் முயல் காதாக நிற்கும். அது முயல் கட்டு. இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துக் கழுத்தைச் சுற்றி, இடப்பக்கம் சின்னதாக முடிச்சுப் போடுவது ஏரோப்ளேன் கட்டு. அந்தக் காலத்து விமானப் பணிப்பெண்கள் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். பட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும், இரட்டை முடிச்சுப் போட்டாலோ கழுத்தில் எலுமிச்சம்பழம் தொங்குவது போலத் தெரியும். உள்பக்கமாக ஒரு ஊக்கு குத்தினால் நிற்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

கார் கட்டோடு ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் பிறந்த ஊரான ராமாபுரத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம், காற்றுக்கு ஒரு முடிகூடக் கலையவில்லை. பெருமையாக இறங்கிப் போய் வாசலில் நின்றேன். அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன கண்ணு, கடை முழுகிப்போன ஆளாட்டம் தலையில துண்டப் போட்டுட்டு வந்து நிக்கற?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எல்லாம் முழுகிப்போனவள்தானே வந்து நிற்கிறாள். சட்டென்று திரும்பி, காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். நான் தலையிலிருந்து அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன். அதற்குப் பிறகு தலையில் கட்டவில்லை.

கழுத்துக் கட்டு மட்டும் தங்கிவிட்டது. மருத்துவமனைக்குத் தினமும் ஏரோப்ளேன் கட்டோடு போனேன். கழுத்துக்கு வந்த கண்கள் முடிச்சில் நின்றுவிட்டன. குரல்கள் இறங்கவில்லை. “ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று என்னிடம் எரிந்து விழுந்தார்கள். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

மகளுக்கு வீடியோ காலில் காட்டினேன். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நாக்கில் வரும்.

“சக்கத்தா, சூப்பரா இருக்கும்மா. ஆனா ஏன் டெய்லி கழுத்துலயே கட்ற? நீ கத்துக்கிட்டது பத்து விதம் இருக்கில்ல?”

“தலைல கட்டுனா பாட்டி திட்டுறா.”

“பாட்டி ராமாபுரத்துல இருக்கா, நீ மைசூர்ல இருக்க.”

சார்ஜ் இல்லை என்று போனை வைத்தேன். பெற்ற பெண் இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்க வேண்டியதில்லை.

மாடி வீட்டுக்கு ஹாசன் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி புதிதாகக் குடிவந்தது அந்தச் சமயத்தில்தான். அவளுக்கு முப்பது வயது இருக்கும். வரமகாலட்சுமி பண்டிகை வெள்ளிக்கிழமை காலையில், சாயங்காலம் அரிசின குங்குமத்துக்கு வரணும் அக்கா என்று கதவைத் தட்டிக் கூப்பிட்டாள். மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள சுமங்கலிகளைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் மற்றவர்களுக்கு என் விஷயம் தெரியும். நாகரிகமாக என்னை விட்டுவிட்டு, மறுநாள் டப்பாவில் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். இவளுக்குத் தெரியாது. அப்போதே சொல்லியிருக்கலாம். கழுத்தில் ஸ்கார்ஃப் இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பச்சைப் பருத்திப் புடவை, சின்னக் கறுப்புப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் முடிச்சு. எனக்குத் தெரியாத ஐந்தாறு பெண்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். அவள் தட்டோடு என் முன்னால் குனிந்து நெற்றியில் குங்குமம் இட்டாள். பிறகு விரலில் இன்னொரு சிட்டிகை எடுத்தாள்.

“தாலிக்கும் வெக்கறேன் அக்கா, ஸ்கார்ஃபைக் கொஞ்சம் நகத்துங்க.”

அவள் பேசியதெல்லாம் கன்னடம். நான்தான் தமிழில் எழுதுகிறேன். தாலியிலும் குங்குமம் வைக்கிற வழக்கம் எனக்குத் தெரியாததா? அந்தச் சிட்டிகையைப் பார்க்கிறவரைக்கும் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

“உள்ள ஊக்கு குத்தியிருக்கும்மா, அவுத்தா மறுபடி கட்ட வராது” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே சிட்டிகைக் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். உங்கள் யஜமானர் எங்கே வேலை என்று கேட்டாள். இங்கே கணவரை அப்படித்தான் சொல்வார்கள்.

கன்னடத்தில் ‘இத்தாரெ’ என்றால் இருக்கிறார். ‘இத்ரு’ என்றால் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

“நஞ்சன்கூடு ஃபேக்டரில இத்தாரெ” என்றேன்.

வாய் தவறிவிட்டது என்று ஒரு நொடி என்னையே நம்பவைத்துக்கொண்டேன். திருத்தவில்லை. அவள் கேட்கக் கேட்க நானும் சொல்லிக்கொண்டே போனேன். ரயிலில்தான் போய் வருகிறார். காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுவார். இனிப்பு என்றால் உயிர், அதிலும் ஒப்பட்டு. கால் மணி நேரம் அவரை நிகழ்காலத்தில் வைத்துப் பேசினேன். கூச்சமே இல்லை, சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கிளம்பும்போது அவள் ஓடிவந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

“யஜமானருக்கு அக்கா. நெய் ஜாஸ்தி விட்ட ஒப்பட்டு ரெண்டு.”

போளியைத்தான் ஒப்பட்டு என்பார்கள். வாழையிலைக்குள் அது இன்னும் சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். என்னால் அதைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. ஸ்கார்ஃபை அவிழ்த்தேன். அழகுக்குக் கட்டுகிறேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அழகும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் இல்லை என்பதை மறைக்கத்தான் தினமும் அதே இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். இருபத்து மூன்று வருடம் கூட வாழ்ந்த மனிதரை, செத்துப்போனார் என்று ஒரு புதுப் பெண்ணிடம் சொல்லத் துணிவில்லாமல் ஒரு துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

காலையில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெறும் கழுத்தோடு மாடி ஏறினேன். அவள் கதவைத் திறந்தாள். முகம், நெற்றி, கழுத்து. பார்த்துவிட்டாள்.

“அவர் ஃபேக்டரில இத்ரு,” என்றேன். “இப்ப இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு. மாரடைப்பு.”

 அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

“இருக்கட்டும் அக்கா. தமிழ்க்காரங்களுக்கு அந்த ரெண்டு வார்த்தையும் குழம்பத்தான் செய்யும்.”

நல்ல மனசுக்காரி, வெளியே போக எனக்கு ஒரு வழி காட்டினாள். தலையை ஆட்டியிருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

“எனக்குக் கன்னடம் நல்லா வரும்மா. தெரிஞ்சுதான் சொன்னேன்.”

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குரலை இறக்காமல், சாதாரணமாகக் கேட்டாள்.

“அவருக்கு ஒப்பட்டு இஷ்டம்னு சொன்னது?”

“இஷ்டம்,” என்றேன்.

அந்த ஒரு பதிலுக்கு மட்டும் இருக்கிறாரா, இருந்தாரா என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் போன பிறகு இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து நான் அழுதது அன்றைக்குத்தான்.